குழிக்குள்ளிருந்து ஒரு ‘ம்’

செவிலிமேட்டுத் திருப்பத்தில் டவுன் பஸ் ஒன்று அவருடைய சைக்கிளின் பின்சக்கரத்தில் மோதியது. பஸ் வந்தது தவறான பக்கத்தில். பார்த்தவர்கள் பத்துப் பேராவது இருப்போம். விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து, முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, ஓடிவந்த டிரைவரிடம் முதலில் சொன்னது இதுதான்: “தப்பு எம்மேல தாம்பா. நீ போ, பின்னாடி வண்டி நிக்குது பாரு.”

சண்டைக்குத் தயாராக இறங்கியிருந்த டிரைவருக்குக் கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கோணிப்போன சக்கரத்தை மிதித்து ஓரளவு நிமிர்த்தினார். எதிர் டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டுப் போனார். பஸ் ஜன்னல்களில் இருந்தவர்கள் திட்டிக்கொண்டே போனார்கள். டிரைவரை இல்லை. டீ குடித்துக்கொண்டிருந்த இவரை.

அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். அப்போது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது வலது கட்டைவிரலால் தன் நெஞ்சின் நடுவில் ஒரு அழுத்து அழுத்துவார், காலிங் பெல் அடிப்பதுபோல. நாலு வீட்டுக்குப் பொதுவான மோட்டார் கருகினாலும் அந்த பெல் அடிக்கும். எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணி மழையில் நனைந்தாலும் அடிக்கும். நான் ஒரு குரல் கொடுத்திருக்க வேண்டும் என்பார். தெருவில் பாதிப் பேருக்கு அவர் தங்கமான மனிதர். மீதிப் பேருக்கு ரொம்ப வசதியான மனிதர். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும். வாதாடச் சோம்பல்பட்டுத்தான் பழியை வாங்கிக்கொள்கிறார் என்று முடிவு கட்டியிருந்தேன். நான் எதையும் சீக்கிரம் முடிவு கட்டிவிடுகிற ஆள்.

அவரிடம் நான் போனது படகு வைக்க இடம் கேட்டு. கல்லூரிக் கடைசி வருஷத்தில் தோழிகளோடு ஒரு நாள் பாய்மரப் படகு ஓட்டப் போனேன். திரும்பி வந்தது உடம்பு மட்டும்தான். அடுத்த மாதமே, கடற்கரைச் சாலையில் ஒரு கிளப் கழித்துப் போட்டிருந்த பதினோரு அடி மரப்படகை வாங்கி வந்துவிட்டேன். காஞ்சிபுரத்தில் படகு என்றால் தெப்பம்தான் ஞாபகம் வரும். குட்டியானை என்கிற சின்ன லாரியில் ஏற்றிவந்த டிரைவரே, “எந்தக் கோயிலுக்குமா?” என்று கேட்டார். செவிலிமேட்டில் எங்கள் வீட்டு கேட்டுக்குள் அது நுழையவில்லை. தெருவில் தார்ப்பாய் போட்டு மூடினேன். இரண்டாவது வாரம் தெருநாய் அதற்குள் ஐந்து குட்டி போட்டது. படகை எடு என்று தெருவே சொன்னபோதுதான், சித்தியின் கல்யாணப் புடவையை நெய்தவர் வீட்டுப் பின்னால் ஒரு கொட்டகை சும்மா கிடக்கிறது என்று அம்மாவுக்கு ஞாபகம் வந்தது.

அந்தக் கொட்டகையில் முன்பு ஒரு தறி இருந்தது. நெசவாளி காலைத் தொங்கவிட்டு மிதிக்கத் தறிக்கு அடியில் ஒரு குழி இருக்கும். மழைக்காலத்தில் அந்தக் குழிக்குள் ஊற்று எடுக்கவே தறியை முன்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். குழி மட்டும் அங்கேயே இருந்தது. “வெச்சிக்கோமா, எலி கூட தனியா தான் இருக்குது,” என்றார் அண்ணன்.

படகின் உயிர்நாடி அதன் சென்டர்போர்டு. படகின் நடுவில் ஒரு நீளமான துளை, அதைச் சுற்றி ஒரு பெட்டி. அதன் வழியாக ஒரு பலகை கத்திபோலத் தண்ணீருக்குள் இறங்கும். அது இறங்கி நின்றால்தான் காற்று தள்ளும்போது படகு பக்கவாட்டில் சறுக்காமல் நேராகப் போகும். என் படகில் அது ஊறிப் பெருத்துப்போய், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பலகையைத் தாங்குவது குறுக்கே போகிற ஒரே ஒரு போல்ட். அதைக் கழற்றிப் பலகையைக் கீழ்ப்பக்கமாக உருவ வேண்டும். வீடியோக்களில் படகைச் சாய்த்துப் போட்டு உருவினார்கள், அல்லது உயரமான தாங்கியில் ஏற்றி. என்னிடம் தாங்கியும் இல்லை, ஆளும் இல்லை.

அண்ணன் படகை ஒரு சுற்று சுற்றிவந்தார். குனிந்து அடியைப் பார்த்தார். படகை உயரமாக்க வேண்டியதில்லை, கீழே பள்ளம் இருந்தால் போதுமே என்றார். இரண்டு தறிக்கட்டைகளைக் குறுக்கே போட்டு, படகை நகர்த்தி, அதன் துளை சரியாகக் குழிக்கு மேல் வரும்படி நிறுத்திவிட்டுக் குழிக்குள் இறங்கிவிட்டார். நான் படகுக்குள் உட்கார்ந்து போல்ட்டை மண்ணெண்ணெய் விட்டு விட்டுத் தட்டினேன். நட்டு துருவேறி இரண்டாகப் பிளந்தது. போல்ட் வெளியே வந்ததும், பாவு சுற்றிய உருளையை வாங்குகிறவர்போலப் பலகையை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டார். கூடவே ஒரு வாளி மணலும், காய்ந்துபோன ஒரு நண்டும் அவர் தலையில் விழுந்தன. குழியிலிருந்து குரல் வந்தது: “தப்பு எம்மேல தான். வாயத் தொறந்துக்கினு பாத்துட்டேன்.”

அடுத்த நாலு ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பலகைக்குத்தான். பழைய பெயின்ட்டைச் சுரண்டினோம். வளையாமல் காய அரைமணிக்கு ஒரு தரம் வெயிலில் திருப்பிப் போட்டோம். மக்கிப்போன ஓரத்தை வெட்டி எடுத்து, எபாக்சி பசை பூசி, உப்புத்தாள் போட்டு இழைத்தோம். தேய்ப்பது போதும் என்று நான் சொன்ன பிறகும் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தைத் தடவுவார். புடவைக்கரையைத் தடவிப் பார்க்கிற அதே விரல்கள். அண்ணி கொட்டகை வாசலில் வந்து நின்று, வீட்டுக் கதவு எட்டு வருஷமாகப் பெயின்ட் கேட்கிறது, அதற்கு ஏன் பாய்மரம் கட்டித் தொலைக்கவில்லை என்று கேட்பாள். உடனே அந்த பெல் அடிக்கும்.

பகலில் அவர்கள் நெய்வதைப் பார்க்க வேண்டும். கோர்வைப் புடவை, உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். நடுவில் அண்ணன். வலது பக்கம், கரை நூலைக் குறுக்கே கொண்டுபோகிற நாடாவைப் போடுவதற்காக அண்ணி. ஒவ்வொரு தடவையும் அவள் நாடாவைப் போட்டுவிட்டு நிறுத்துவாள். இரண்டு நிறமும் பின்னிக்கொள்கிற இடத்தை அவர் ஒரு பார்வை பார்த்து ‘ம்’ என்பார். அடுத்த இழை. மறுபடியும் நாடா, பார்வை, ‘ம்’. பேச்சு ஓடும், சண்டை ஓடும், டிவி ஓடும். நடுவில் அந்த ‘ம்’ மட்டும் நிற்காது. அது வராமல் அண்ணி கையை அசைக்க மாட்டாள்.

ஒரு தடவை புடவை கொடுக்கப் போன இடத்தில் கரையோரமாக நாலு விரல்கடை கோர்வை பிசகியிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அண்ணியின் கை தவறிய இடம். அண்ணன் நெஞ்சில் விரலை வைத்தார். கூடப் போயிருந்த அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. என் கை, என் நாடா, தப்பு மட்டும் எப்படி இவருடையது என்று ஆரம்பித்தாள். இவர் தன்னுடையது என்றார், அவள் இல்லை என்றாள். புடவையைச் சரிபார்த்தவர் கடைசியில், யாருடைய தப்பு என்று வீட்டில் பேசி முடித்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டாராம். இதை என்னிடம் சொன்னபோதும் அண்ணி ஆறவில்லை. “ஒரு தப்பக்கூட இந்த மனுசன் எனக்குன்னு வுட்டு வெக்கல,” என்றாள்.

இனி நான் செய்தது.

அப்பா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். அவர் அரசாங்க ஆபீஸ் குமாஸ்தா. குளத்துப் படியில் இறங்கவே யோசிக்கிறவர். “ஒரு தடவ நானே ஏறிப் பாக்கறேன்மா. சரியாப் பட்டா ஓட்டு. இல்லன்னா படகு போயிடணும், அதப்பத்தி அப்புறம் பேச்சே இல்ல,” என்று சொல்லிவிட்டார். முட்டுக்காட்டுப் பக்கம் உப்பங்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. முதல் சுற்று அப்பா; இரண்டாவது சுற்று அண்ணன். அண்ணி அதற்காகப் புது வேட்டி எடுத்துவைத்து, எலுமிச்சம் சாதம் கட்டினாள்.

அன்று காலையில்தான் பலகையைத் திரும்ப மாட்டினோம். அண்ணன் குழிக்குள் நின்று பலகையை மேலே ஏந்திப் பிடித்திருந்தார். நான் படகுக்குள். பிளந்த நட்டுக்குப் பதில் புதிதாக வாங்கியது, தானாகக் கழலக்கூடிய சாதா நட்டு. அது கழலாமலிருக்க மேலே இன்னொரு நட்டைப் போட்டு இறுக்க வேண்டும். எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் சைக்கிள் ட்யூபில் நான் வெட்டிய ரப்பர் வாஷர் தடிமனாகிப்போய், போல்ட்டின் நுனியில் இரண்டாவது நட்டுக்கு இடமில்லை. மெல்லிய வாஷர் வெட்ட இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். வாசலில் குட்டியானை ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்பேனரும் அந்த மூலைக்குள் நுழையவில்லை. கட்டிங் பிளேயரால் முடிந்தவரை திருகினேன்.

“சரியாண்ணா?” என்று கேட்டேன்.

கீழே ஒரு நொடி சத்தமில்லை. பிறகு ‘ம்’ வந்தது.

கழியில் முதல் பத்து நிமிஷம் அப்பா சிரித்தார். அதை நான் சொல்லியாக வேண்டும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, சின்னப் பையன்போல உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது காலடியில் டொக் என்று ஒரு சத்தம். நட்டு கழன்று போல்ட் உருவிக்கொண்டு, பலகை நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. பிடிப்பில்லாத படகு பக்கவாட்டில் சறுக்கியது. அடுத்த காற்றில் கவிழ்ந்தது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம், தண்ணீர் நெஞ்சளவுதான். அது அப்பாவுக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடி போய்விட்டது. கிளப் ஆட்கள் அவரைக் கரைக்கு இழுத்து வந்தபோது, அண்ணன் புது வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எதிரே வந்துகொண்டிருந்தார்.

அப்பா மூச்சு வாங்கி முடித்ததும் என்னைப் பார்த்து, அந்த நட்டைப் போட்டது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், “தப்பு எம்மேல தாங்க,” என்றார் அண்ணன். கட்டைவிரல் நெஞ்சில் இருந்தது.

“நூல் புடிக்கிற கையில ஸ்பேனரக் குடுத்தா இப்டித்தான். ஒரு உசுரு போயிருக்கும்யா இன்னிக்கு.” அப்பா இன்னும் நிறையச் சொன்னார். அண்ணன் ஈர வேட்டியோடு நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டார். நான் தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் என் படகோட்டம் அன்றோடு முடிந்தது. சொல்லாவிட்டால் ஒரு வழி இருந்தது. முடியில் தண்ணீர் தீர்ந்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தேன்.

எலுமிச்சம் சாதத்தை யாரும் பிரிக்கவில்லை. திரும்பும்போது முன்னால் இடமில்லாததால் அண்ணன் குட்டியானையின் பின்னால் படகுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். அந்தப் படகில் அவர் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான். நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் வரைக்கும்.

அந்த வாரமே படகு, கழியிலிருந்து தேடி எடுத்த பலகையோடு, கிளப் கொட்டகைக்குப் போனது. அந்த ஆளின் கை படாமல் ஓட்டுவதானால் ஓட்டிக்கொள் என்றார் அப்பா. நான் ஓட்டினேன். பிறகு விசாகப்பட்டினத்தில் வேலை, அங்கே வேறு படகு; இது கிளப்பிலேயே கிடந்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் பிள்ளையார்பாளையம் பக்கம் போகாமலிருக்கக் காரணங்கள் தானாகக் கிடைத்தன. எனக்காகத்தானே பொய் சொன்னார், அவர் குணம் அப்படி என்று ஒரு நன்றியைச் சுமந்துகொண்டு ஆறு வருஷம் ஓட்டிவிட்டேன்.

அப்பாவுக்கோ அது ஒரு கதையாகிவிட்டது. யார் வீட்டு விசேஷத்திலும் சொல்லுவார்; நடித்துக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். போன தை மாதம் பெரியப்பா மகளுக்குக் கல்யாணப் புடவை பேசினோம். யாரோ அண்ணனுடைய தறியைச் சொன்னார்கள். “அந்த ஆளா? கை சுத்தமில்லாத வேலை. என்னையே முழுக வெச்சவன்,” என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு வேறு தறிக்குப் போய்விட்டது. எத்தனை விசேஷத்தில் இப்படிப் பேச்சு மாறியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு பலகையின் ஓரத்தைத் தடவிய அந்தக் கையைப் பற்றியா?

அங்கேயே, எல்லோர் முன்னாலும் சொன்னேன். நட்டு போட்டது நான். ஒன்றுதான் போட்டேன். தெரிந்தே போட்டேன்.

அப்பா ரொம்ப நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “நான் பேசினது அத்தனையும் நின்னு கேட்டான்மா,” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் நான் போனபோது முன்கூடத்தில் இருவரும் தறியில் இருந்தார்கள். அண்ணனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி நாடாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான் பண்ற தப்ப இவரு ஏத்துக்கினா அது எங்க தறிக்குள்ள நடக்குற விஷயம். உன் தப்பு இன்னாத்துக்கு எங்க வூட்டுக்கு வந்துது? சொல்லு பொண்ணே. ஆறு வருசமா கரை நல்லா இருக்குதான்னு மூணு தடவ கேக்குறாங்க ஜனங்க. இதுக்கு முன்னாடி ஒருத்தரும் கேட்டதில்ல.”

அண்ணன் அவளைப் பார்த்து, “போடு,” என்றார். அவள் நாடாவைப் போட்டாள். அவர் குனிந்து பார்த்தார். ‘ம்’ என்றார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

“உனக்காக நான் ஒண்ணும் பொய் சொல்லலமா. கீழ நின்னு பலகையப் புடிச்சிக்கினு இருந்தது யாரு, நான் தான? கையில ஆடுச்சு. லேசா தான், ஆனா ஆடுச்சு. நீ மேல இருந்து சரியான்னு கேட்ட. வண்டிக்காரன் வேற ஹாரன் அடிக்கிறான். எனக்கும் படகுல ஏறணும்னு ஆசை. ‘ம்’னுட்டேன்.” விரல் நெஞ்சுக்குப் போகவில்லை, தறியின் மேல் இருந்தது. “இந்தத் தறியில ஒரு நாளும் பாக்காம ‘ம்’ சொன்னதில்ல. அன்னிக்கு சொன்னேன்.”

ஆறு வருஷம் நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்த விஷயம் நடக்கவே இல்லை. அவர் தன் தப்பைச் சொன்னார், அவ்வளவுதான். என்னுடையது என்னிடமே இருந்தது, முழுசாக. டிரைவரும் மோட்டாரும் நனைந்த துணியும் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. அவர் யாருடைய பழியையும் சுமக்கவில்லை. தன் கையில் லேசாக ஆடியதை மட்டும் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறார். சைக்கிளில் அன்று என்ன ஆடியது என்று கேட்டேன். திரும்பும்போது கையைக் காட்டவில்லை என்றார்.

இன்னொரு இழை போனதும் அவரே கேட்டார், “அப்ப ஒரு ரவுண்டு பாக்கி இருக்குதுல்ல?”

படகு மறுபடியும் குட்டியானையில் வந்தது. பலகையைக் கழற்றி மாட்ட மறுபடியும் குழிக்கு மேல் நின்றது. அண்ணன் வீட்டுக்கு இதுவரை வந்திராத அப்பாவும் பின்னாலேயே வந்து, கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றினார். பையிலிருந்து ஒரு பாக்ஸ் ஸ்பேனரை எடுத்தார்; மூலைக்குள் நுழைகிற அளவு. கிளப்புக்கே போய் அளந்து வாங்கியிருக்கிறார். அதை என்னிடம் கொடுக்காமல், குனிந்து, குழிக்குள் நின்றவரிடம் நீட்டினார். அண்ணன் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, துளை வழியாக எனக்கு மேலே அனுப்பினார்.

மெல்லிய வாஷர், நட்டு, அதன்மேல் இன்னொரு நட்டு. இறுக்கினேன். “சரியாண்ணா?”

பலகை அசைகிற சத்தம். “இல்ல.”

மறுபடி இறுக்கினேன். “இப்ப?”

“இல்ல.”

வாசலில் குட்டியானைக்காரர் ஹாரன் அடித்தார். அப்பா வெளியே போய் அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு வந்தார். எல்லாவற்றையும் கழற்றி, வாஷரை இன்னொன்று வெட்டி, முதலிலிருந்து போட்டேன். கீழே பலகையை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். தட்டினார். சும்மா நின்றார். அண்ணிகூட வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

‘ம்.’

மேலே ஏறிவந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார், “இன்னிக்கு முழுகினா?”

“தப்பு எம்மேலண்ணா,” என்றேன்.

“பாதி,” என்றார். “பாதி நீ வெச்சிக்கோ.”

“இருவது வருசமா பக்கத்துல ஒக்காந்திருக்கேன், எனக்குக் கால்வாசி குடுத்ததில்ல,” என்றாள் அண்ணி. கையில் எலுமிச்சம் சாதம் கட்டிய தூக்கு இருந்தது.

அண்ணன் அவளைப் பார்த்தார். வலது கட்டைவிரல் மெதுவாக நெஞ்சுக்குப் போனது.